லாம்ப்டாவுக்குப் பொதி கட்டுதல்: பைத்தன் லைப்ரரிகளைச் சேர்த்து அனுப்பும் வழி

பண்டாரவளைப் பக்கம் கொழுந்து லொறி ஓட்டும் ஒருவருக்கு ஒரு சின்ன வேலை செய்து கொடுத்தேன். சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்தை நிறுத்து எடுத்து ஸ்டோரில் சேர்ப்பது அவர் தொழில். மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும்: எந்த நாள் எத்தனை கிலோ, ஈரத்துக்குக் கழித்தது எவ்வளவு, வாங்கிய முற்பணம் எவ்வளவு. அதைத் தமிழில் பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்ப முடிந்தால் போதும் என்றார். மாதத்தில் ஒரு நாள் ஓடும் வேலைக்கு முழு மாதமும் சர்வர் வாடகை கட்டுவது வீண். அதனால், நிரலை வேண்டும்போது மட்டும் ஓட்டித் தரும் சேவையான அமேசானின் லாம்ப்டாவில் ஓடும்படி எழுதினேன். லெப்டொப்பில் அழகாக ஓடியது. ஏற்றினேன், முதல் வரியிலேயே விழுந்துவிட்டது.

அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு இரவுகள் போயின. உங்களுக்கு அரை மணி நேரம் போதும் என்பதற்காக இதை எழுதுகிறேன். பைத்தன் ஓரளவு தெரிந்து, லாம்ப்டாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கானது இது. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

போர்டிங் அறையில் என்ன இருக்கும்

மலையிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். போர்டிங் அறையில் கட்டில் இருக்கும், பல்ப் இருக்கும். தலையணை, வாளி, ரைஸ் குக்கர் எல்லாம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். லாம்ப்டாவும் அப்படித்தான். பைத்தனும், அதோடு பிறந்த ஜேசன், சிஎஸ்வி, டேட்டைம் போன்ற அடிப்படை லைப்ரரிகளும், அமேசானின் பொட்டோ3 லைப்ரரியும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. ரிக்வெஸ்ட்ஸ் இல்லை, பில்லோ இல்லை, பாண்டாஸ் இல்லை. நீங்கள் வீட்டில் பிப் இன்ஸ்டால் செய்தது வீட்டில்தான் இருக்கிறது. 'நோ மொட்யூல் நேம்ட்' என்று தொடங்கும் பிழைக்கு அவ்வளவுதான் அர்த்தம்: பெயரைச் சொல்லிக் கேட்டீர்கள், சாமான் அறையில் இல்லை.

இரண்டாவது சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. ரைஸ் குக்கரைக் கொண்டுபோய் விட்டீர்கள், ஆனால் அதன் பிளக் உருண்டை ஊசி, அறையில் இருப்பது சதுர ஊசி சொக்கெட். இந்த நாட்டில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சில பைத்தன் லைப்ரரிகள் முழுக்கப் பைத்தனிலேயே எழுதப்பட்டவை; எங்கே வைத்தாலும் ஓடும். சிலவற்றின் உள்ளே சி மொழியில் எழுதி, ஒரு குறிப்பிட்ட இயங்குதளத்துக்கென்றே கம்பைல் செய்த துண்டுகள் இருக்கும். விண்டோஸ் லெப்டொப்பில் பிப் இறக்கித் தருவது விண்டோஸ் துண்டு. லாம்ப்டா ஓடுவது லினக்ஸில். பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் ஊசி வேறு.

என் வேலையில் இந்த இரண்டாவது சிக்கல்தான் கழுத்தைப் பிடித்தது. காரணம் தமிழ். எஃப்பிடிஎஃப்2 என்ற லைப்ரரியால் பிடிஎஃப் எழுதினேன். சும்மா எழுதினால் 'கொழுந்து' என்ற சொல்லில் க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு இடம் மாறிப் போய் நின்றது. தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்க வேண்டுமானால் டெக்ஸ்ட் ஷேப்பிங் என்ற வசதியைத் திறக்க வேண்டும், அதற்கு யூஹார்ப்பஸ் என்ற லைப்ரரி வேண்டும். அது கம்பைல் செய்த வகை. எஃப்பிடிஎஃப்2 தானாகவே இழுத்து வரும் பில்லோவும் அதே வகை. ஆங்கிலத்தில் மட்டும் கணக்குத் துண்டு கொடுப்பவனுக்கு யூஹார்ப்பஸ் என்ற பெயரே தெரிய வேண்டியதில்லை. நமக்கு அப்படி இல்லை.

கட்டுவதற்கு முன்

எதைக் கொண்டுபோக வேண்டாம் என்று முதலில் பாருங்கள். இணையத்திலிருந்து நிரலைப் பிரதி எடுக்கும்போது மேலே பாண்டாஸ் என்று ஒரு வரி வந்துவிடும். கிலோக் கணக்கைக் கூட்டுவதற்குப் பாண்டாஸ் எதற்கு? அது நம்பை என்ற இன்னொரு பெரிய லைப்ரரியையும் கூட்டிக்கொண்டு வரும். பொதியின் எடை பல மடங்கு ஏறும். சிஎஸ்வி மொட்யூலும் ஒரு ஃபோர் லூப்பும் அந்த வேலையைச் செய்யும். ஒரே ஒரு முகவரியில் தகவல் எடுக்க ரிக்வெஸ்ட்ஸ் தேவையில்லை, யூஆர்எல்லிப் போதும். பொதியில் வைக்காத சாமான் உடையாது.

அப்புறம் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: லாம்ப்டாவில் நீங்கள் தெரிவு செய்த பைத்தன் பதிப்பு, சிப் வகை, ரீஜியன் (அமேசானின் கணினிகள் இருக்கும் இடம்). என்னுடையது பைத்தன் 3.12, எக்ஸ்86_64, மும்பாய். சிப் வகையில் ஆர்ம்64 என்றும் ஒன்று உண்டு. அதன் கட்டணம் குறைவு. எதை எடுத்தாலும் சரி, பொதியும் அதே வகைக்குக் கட்டியதாக இருக்க வேண்டும். பைத்தன் 3.12 முதல் லாம்ப்டா அமேசான் லினக்ஸ் 2023 மீது ஓடுகிறது, 3.11 பழைய அமேசான் லினக்ஸ் 2 மீது. இந்த வித்தியாசம் பின்னால் ஓரிடத்தில் வேலைக்கு வரும்.

பட்டியலும் பொதியும்

புது போல்டர் ஒன்றைத் திறந்து, ரிக்வயர்மென்ட்ஸ் என்ற டெக்ஸ்ட் கோப்பில் வேண்டிய லைப்ரரிகளை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். என் கோப்பில் இரண்டே வரிகள்: எஃப்பிடிஎஃப்2, யூஹார்ப்பஸ். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரட்டைச் சமன் குறி போட்டு நீங்கள் சோதித்த பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்துக் கட்டும்போது வேறு பதிப்பு வந்து இறங்கும், நேற்று ஓடியது இன்று ஓடாது.

பெயரைத் தட்டுவதிலும் கவனம் வேண்டும். கடைசி 2 இல்லாமல் எஃப்பிடிஎஃப் என்றும் ஒரு பழைய லைப்ரரி இருக்கிறது. இரண்டையும் நிறுவினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து குழப்பும். பிரபலமான லைப்ரரியின் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, களவு நிரலை உள்ளே வைத்துப் போடுகிறவர்களும் உண்டு.

இப்போது முக்கியமான கட்டளை. பிப் இன்ஸ்டால் என்று தொடங்கி, இந்தத் தெரிவுகளைச் சேருங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு சிறு கோடு வரும். டார்கெட்: இதற்குப் பக்கத்தில் பேக்கேஜ் என்று போல்டர் பெயர். பிளாட்ஃபோர்ம்: இதற்கு மெனிலினக்ஸ்2014_எக்ஸ்86_64 (எந்த லினக்ஸுக்கு, எந்தச் சிப்புக்குக் கட்டியது என்று சொல்லும் குறி). பைத்தன்-வேர்ஷன்: 3.12. இம்ப்ளிமென்டேஷன்: சிபி. ஒன்லி-பைனரி: சமன் குறி போட்டு, இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே ஓல். கடைசியில் ஒற்றைக் கோடு ஆர் போட்டு ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பின் பெயர்.

நீளமாகத் தெரிந்தாலும் விஷயம் சுலபம். நான் விண்டோஸில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை மறந்துவிடு, லினக்ஸில் பைத்தன் 3.12 இருப்பதாக நினைத்துக்கொண்டு அதற்குப் பொருந்தும் துண்டுகளை இந்த போல்டருக்குள் கொண்டுவந்து போடு என்று பிப்பிடம் சொல்கிறோம். சதுர ஊசி குக்கர் வேண்டும் என்று கடையிலேயே கேட்டு வாங்குவது மாதிரி. ஒன்லி-பைனரி இல்லாவிட்டால் பிப் சம்மதிக்காது. அதுவும் நியாயம்தான்: அது இல்லாமல் சம்மதித்தால் உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்க வேண்டியிருக்கும், அது விண்டோஸ் துண்டாகத்தான் வரும்.

சில சமயம் 'நோ மெச்சிங் டிஸ்ட்ரிபியூஷன்' என்று பிப் கைவிரிக்கும். லைப்ரரியின் புதிய பதிப்புகள் மெனிலினக்ஸ்_2_28 என்ற குறியோடு மட்டும் வெளிவருவது ஒரு காரணம். அந்த எண் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் பதிப்பு. அமேசான் லினக்ஸ் 2023 இல் இருப்பது 2.34, ஆகவே 2_28 அங்கே ஓடும். பழைய அமேசான் லினக்ஸ் 2 இல் இருப்பது 2.26, அங்கே ஓடாது. பைத்தன் 3.12 அல்லது அதற்கு மேல் எடுத்திருந்தால் பிளாட்ஃபோர்ம் தெரிவை இரண்டு தரம் எழுதி இரண்டு குறிகளையும் கொடுத்துவிடுங்கள்.

பேக்கேஜ் போல்டரைத் திறந்து பாருங்கள். பிஐஎல் என்ற போல்டருக்குள் எஸ்ஓ என்று முடியும் கோப்புகள் இருந்தால் சரி, அவை லினக்ஸ் துண்டுகள். பிஒய்டி என்று முடிந்தால் விண்டோஸ் துண்டுகள். கட்டளையில் ஏதோ தவறு. பில்லோ என்று நிறுவியது ஏன் பிஐஎல் என்ற பெயரில் கிடக்கிறது என்று திகைக்க வேண்டாம், நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் பல லைப்ரரிகளில் வேறு வேறு.

ஸிப் செய்யும்போது எல்லோரும் விழும் குழி

உங்கள் நிரல் கோப்பை, லாம்ப்டா_ஃபங்ஷன் என்ற பெயரில், பேக்கேஜ் போல்டருக்குள் லைப்ரரிகளோடு பக்கத்துக்குப் பக்கமாக வையுங்கள். எழுத்துருவையும் மறக்காதீர்கள். லாம்ப்டாவில் தமிழ் எழுத்துரு எதுவும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. அதன் டிடிஎஃப் கோப்பையும் உள்ளே போட்டேன். விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. லினக்ஸ் பார்க்கும். நிரலில் எழுதிய பெயரும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி ஸிப். பேக்கேஜ் போல்டரின் மேல் வலது கிளிக் செய்து ஸிப் ஆக்கினால் தவறு. போல்டருக்குள்ளே போய், எல்லாவற்றையும் தெரிவு செய்து, அப்புறம் ஸிப் ஆக்க வேண்டும். ஸிப்பைத் திறந்தவுடன் முதல் தட்டிலேயே லாம்ப்டா_ஃபங்ஷன் கோப்பு தெரிய வேண்டும். பேக்கேஜ் என்று ஒரு போல்டர் தெரிந்து அதற்குள்ளே இருக்கக் கூடாது. லாம்ப்டா கதவைத் திறந்து முதல் அறையில்தான் தேடும், உள்ளறைக்குப் போகாது. என் முதல் இரவு முழுவதும் இந்த ஒன்றில்தான் போனது. பிழைச் செய்தி என்னவோ லைப்ரரி இல்லை என்கிற மாதிரியே வந்ததால், லைப்ரரியைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்தேன்.

கடவுச்சொல், ஏபிஐ சாவி எழுதி வைத்த கோப்பு ஏதும் உள்ளே போய்விட்டதா என்று ஒருமுறை பாருங்கள். அவற்றை நிரலுக்கு வெளியே வைக்க லாம்ப்டாவின் என்வயர்ன்மென்ட் வேரியபிள் இருக்கிறது.

மலையிலிருந்து ஏற்றுவது

ஸிப் 50 எம்பிக்குள் இருந்தால் நேராக ஏற்றலாம். அதற்கு மேல் என்றால் முதலில் எஸ்3 சேமிப்பகத்தில் போட்டு, அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். எந்த வழியில் ஏற்றினாலும் விரித்த பிறகு மொத்தம் 250 எம்பியைத் தாண்டக் கூடாது. என் பொதி 20 எம்பிக்குள் அடங்கிவிட்டது.

20 எம்பி என்பது கொழும்பில் ஒரு பொருட்டில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோபுரத்தைப் போன் எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அது பெரிய பாரம். எழுபது வீதம் போய் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அதே 20 எம்பியை மறுபடி சுமக்க வேண்டும். டேட்டா கார்டு கரைந்துவிடும்.

அதனால் இப்போது நான் வீட்டில் பொதி கட்டுவதே இல்லை. அமேசான் கணக்கில் நுழைந்தால் மேல் பட்டையில் கிளவுட்ஷெல் என்று ஒரு சின்னம் இருக்கும். அழுத்தினால் பிரவுசருக்குள்ளேயே ஒரு லினக்ஸ் திரை திறக்கும். தனிக் கட்டணம் இல்லை. பைத்தன், பிப், அமேசானின் கட்டளைக் கருவி எல்லாம் உள்ளே இருக்கின்றன. அந்தத் திரைக்குப் பின்னால் உள்ள கணினி அமேசானின் கட்டடத்தில் இருப்பதால், பிப் இறக்குவதும் லாம்ப்டாவுக்கு ஏற்றுவதும் அங்கேயே நடந்து முடிகின்றன. நம் மலைத் தொடர்பில் போவது நாம் தட்டும் எழுத்துகள் மட்டும்தான். மேலே சொன்ன அதே பிப் கட்டளையை அங்கே கொடுங்கள். அதுவும் லினக்ஸ்தானே, பிளாட்ஃபோர்ம் தெரிவுகள் எதற்கு என்று விட்டுவிட வேண்டாம். கிளவுட்ஷெல்லில் இருக்கும் பைத்தன் பதிப்பும் லாம்ப்டாவில் நீங்கள் தெரிவு செய்ததும் ஒன்றாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

நிரல் கோப்பையும் எழுத்துருவையும் அங்குள்ள ஆக்ஷன்ஸ் பட்டியலில் அப்லோட் கொடுத்து அனுப்பலாம். இரண்டும் சேர்ந்தும் சில நூறு கேபிதான். பேக்கேஜ் போல்டருக்குள் போய், ஸிப் கட்டளையோடு ஒற்றைக் கோடு ஆர் சேர்த்து, ஒரு தட்டு மேலே ஸிப் கோப்பு விழும்படி கட்டுங்கள். பிறகு ஏடபிள்யூஎஸ் லாம்ப்டா அப்டேட்-ஃபங்ஷன்-கோட் என்ற கட்டளையில் ஃபங்ஷனின் பெயரையும் (லாம்ப்டாவில் ஓடும் உங்கள் நிரலுக்கு ஃபங்ஷன் என்று பெயர்) ஸிப்பின் பெயரையும் கொடுங்கள். ஸிப்பின் பெயருக்கு முன்னால் வரும் சொல் ஃபைல் அல்ல, கடைசியில் ஒரு பி சேர்ந்த ஃபைல்பி. அந்த ஒற்றை எழுத்தை விட்டால் ஸிப்பை டெக்ஸ்ட் என்று நினைத்துப் படிக்கப் பார்த்துத் தோற்றுப் போகும்.

இருபது முப்பது நிமிடம் கை வைக்காமல் இருந்தால் கிளவுட்ஷெல் தூங்கிவிடும். கரண்ட் போய் வந்தாலும் பயமில்லை, ஹோம் போல்டரில் வைத்தது அப்படியே இருக்கும். ரீஜியனுக்கு 1 ஜிபி இடம் தருகிறார்கள். 120 நாள் எட்டிப் பார்க்காவிட்டால் அழித்துவிடுவார்கள் என்பதால் மூலக் கோப்புகளின் பிரதி வேறெங்காவது இருக்கட்டும்.

ஓட்டிப் பார்த்தல்

பொதி பெரிதானால் கன்சோலில், அதாவது பிரவுசரில் திறக்கும் லாம்ப்டாவின் பக்கத்தில், நிரல் தெரியாமல் போகலாம். வெறுமையாகத் தெரிகிறதே, ஏறவில்லையோ என்று பதற வேண்டாம், ஏறியிருக்கும். டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்.

'நோ மொட்யூல் நேம்ட் லாம்ப்டா_ஃபங்ஷன்' என்று உங்கள் கோப்பையே காணோம் என்றால் ஸிப் ஒரு தட்டு ஆழமாகிவிட்டது. லைப்ரரியின் பெயரைச் சொன்னால் அது பொதியில் இல்லை. 'இன்வேலிட் ஈஎல்எஃப் ஹெடர்' என்றோ, பிஐஎல்லிலிருந்து '_இமேஜிங்' என்ற பெயரை எடுக்க முடியவில்லை என்றோ வந்தால் பிளக் பிரச்சினை: தவறான இயங்குதளம், தவறான சிப், அல்லது தவறான பைத்தன் பதிப்பு. தாளில் எழுதி வைத்த பைத்தன் பதிப்பையும் சிப் வகையையும் கட்டளையோடு ஒப்பிடுங்கள். 'ரீட்-ஒன்லி' என்று புலம்பினால் பொதி சரிதான். நீங்கள் கோப்பு எழுதும் இடம் பிழை. லாம்ப்டாவில் டிஎம்பி போல்டருக்குள் மட்டும்தான் எழுத முடியும்.

இன்னொன்று, பொதிக்குச் சம்பந்தமில்லாதது. லாம்ப்டாவின் கடிகாரம் யூடிசி. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை ஐந்தரைக்கு முன்பு ஓடவிட்டால் துண்டில் நேற்றைய திகதி விழும். லொறிக்காரர்தான் கண்டுபிடித்தார், நான் அல்ல.

லேயர், கொன்டெய்னர், மற்றக் கடைகள்

வழிகாட்டிகள் பலவும் எடுத்த எடுப்பில் லேயரைத் தூக்கிக் கொடுக்கின்றன. லேயர் என்பது லைப்ரரிகளை மட்டும் தனிப் பொதியாகக் கட்டி, பல ஃபங்ஷன்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. 2018 இல் வந்தது. ஒரே ஒரு ஃபங்ஷன் வைத்திருப்பவர் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு பொதியைப் பராமரிக்க வேண்டியிருக்கும், இடமும் மிச்சமாகாது, 250 எம்பிக் கணக்கில் லேயரும் சேர்த்துத்தான். நாலைந்து ஃபங்ஷன்கள் ஒரே லைப்ரரிகளைக் கேட்கும்போது லேயர் நல்லது: ஒருமுறை ஏற்றிவிட்டால் அப்புறம் சில கேபி அளவுள்ள உங்கள் நிரலை மட்டும் ஏற்றினால் போதும். கட்டும்போது ஒரே வித்தியாசம், ஸிப்பின் முதல் தட்டில் பைத்தன் என்ற பெயரில், சின்ன எழுத்தில், ஒரு போல்டர் இருந்து, அதற்குள் லைப்ரரிகள் இருக்க வேண்டும். முன்பு சொன்னதற்கு நேர்மாறு. ஒரு ஃபங்ஷனுக்கு 5 லேயர் வரை சேர்க்கலாம்.

250 எம்பிக்குள் அடங்கவே அடங்காது என்றால் கொன்டெய்னர் இமேஜ் (நிரலையும் அது ஓடும் சூழலையும் சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டுவது) வழி உண்டு, 10 ஜிபி வரை. ஆனால் அதற்குப் போகும் முன் பைத்தன் தானாக உருவாக்கும் பைகேச் போல்டர்களையும், லைப்ரரிகளோடு வரும் டெஸ்ட்ஸ் போல்டர்களையும் அழித்துப் பாருங்கள். டிஸ்ட்-இன்ஃபோ என்று முடியும் போல்டர்களை மட்டும் விட்டுவிடுங்கள். சில லைப்ரரிகள் தம் பதிப்பு எண்ணை அங்கே போய்த்தான் பார்க்கும்.

கூகுள் கிளவுடின் ஃபங்ஷன்களில் இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை. ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பை நிரலோடு அனுப்பினால் அவர்கள் பக்கத்திலேயே நிறுவிக்கொள்கிறார்கள். மைக்ரோசொஃப்டின் அசூரிலும் ரிமோட் பில்ட் என்று அதே வசதி உண்டு. பதிப்பு எண்ணை எழுதி வைக்கும் வேலை மட்டும் அங்கேயும் உங்களுடையதுதான்.

ஒவ்வொரு பைத்தன் பதிப்புக்கும் லாம்ப்டாவில் ஒரு முடிவுத் திகதி இருக்கிறது. நெருங்கும்போது அமேசானிலிருந்து மின்னஞ்சல் வரும். கன்சோலில் 3.12 ஐ 3.13 என்று மாற்றி விட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பில்லோவின் எஸ்ஓ கோப்புகளின் பெயரில் சிபைத்தன்-312 என்று பதிப்பு எண் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். புதிய பைத்தன் அவற்றைத் தொடாது. பழைய பேக்கேஜ் போல்டரை முழுதாக அழித்துவிட்டு, கட்டளையில் எண்ணை மாற்றி, முதலிலிருந்து கட்டுங்கள். அதையும் மாதக் கடைசியில் செய்யாதீர்கள். துண்டு போகிற நாள் அது.